6 வருடமாகக் கூண்டில் இருக்கும் பச்சைக்கிளி: திறந்து விட்டால் போதுமா?

மேகலா_திருச்சி:

வணக்கம். அத்தை வீட்டில் ஒரு பச்சைக்கிளி இருக்கிறது. தெருவில் விற்க வந்தவரிடம் குஞ்சாக வாங்கியது. 6 வயது முடிந்துவிட்டது. கழுத்தில் கறுப்பும் ரோஸும் கலந்த வளையம் இருப்பதால் ஆண். ஒன்றரை அடி உயர உருண்டைக் கூண்டு, சமையலறை ஜன்னலோரம் தொங்குகிறது. இரண்டு இறக்கையும் நுனி வெட்டியது. சாப்பாடு சூரியகாந்தி விதை, வேர்க்கடலை, பச்சைமிளகாய், காலையில் டீயில் நனைத்த பிஸ்கட். "அக்கா", "யாரது", "வா வா" என்று பேசும். ஆறு மாதமாக நெஞ்சு இறகைத் தானே பிடுங்குகிறது. இப்போது ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் தெரிகிறது.

கிளி வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்கிறார்கள், உண்மையா? வீட்டுக்காரர், "மொட்டைமாடியில் கொண்டுபோய்க் கதவைத் திறந்து விட்டால் பறந்து போய்விடும், புண்ணியமும் சேரும்" என்கிறார். செய்யலாமா? 4 வயதுக் குழந்தை கூண்டுப் பக்கத்திலேயே விளையாடுகிறது, அதனால் ஏதாவது ஆபத்து உண்டா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

கரிச்சான்:

இரண்டாவது கேள்விதான் அவசரம், அதை முதலில் சொல்லிடறேன். திறந்து விடாதீங்க. மொட்டைமாடியில் திறந்து விட்ட கூண்டுக்கிளிக்குப் பெரும்பாலும் ரெண்டு முடிவுதான்: காக்கா கூட்டம் துரத்திக் கீழே இறக்கும், பூனை முடிச்சு வைக்கும். இல்லன்னா பசி தாங்காம நாலு வீடு தள்ளி யாரோ ஒருத்தர் தோளில் உட்கார்ந்து "அக்கா"ங்கும், அவங்க புதுக் கூண்டு வாங்குவாங்க.

ஏன்னு சொல்றேன். ஒவ்வொரு இறக்கையிலும் வெளி ஓரத்தில் 10 பெரிய பறக்கும் இறகு இருக்கு. வெட்டின இறகு நகம் மாதிரி வளராது. அந்தக் குச்சி தானா உதிர்ந்து, அதே துளையிலிருந்து புதுசு முளைக்கணும். கிளி இனத்துல இந்த உதிர்வு நடு இறகில் ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் ஒண்ணு ரெண்டா நகரும். பத்தும் மாறி முடிய ஒரு வருஷம் வரைகூட ஆகலாம். இதுல இன்னொரு சிக்கல், முளைக்கிற இறகின் தண்டுக்குள்ள ரத்தம் ஓடும். பக்கத்து இறகுகள் முழுசா இருந்தா அது அதுகளுக்கு நடுவுல ஒண்டி வளரும். பக்கத்துல இருக்கறதெல்லாம் வெட்டின குச்சின்னா தனியா நீட்டிக்கிட்டு நிக்கும், கூண்டுக் கம்பியில் இடிச்சு முறியும், ரத்தம் கொட்டும். அப்படி நடந்தா சோளமாவு (கார்ன்ஃப்ளார்) வெச்சு ரெண்டு மூணு நிமிஷம் மெதுவா அழுத்துங்க. நிக்கலைன்னா மருத்துவர்தான் வேரோட எடுக்கணும், வீட்டில் பிடுங்க வேண்டாம். கத்தரிக்கோலை இன்னிக்கே ஒளிச்சு வைங்க.

இறகு மட்டும் வந்தாப் போதுமான்னா, போதாது. ஒன்றரை அடிக் கூண்டுல 6 வருஷமா அது ஒரு தடவைகூட முழுசா இறக்கை அடிச்சிருக்காது. காட்டுக்கிளி அடையிற மரத்துக்கும் மேயிற இடத்துக்கும் தினம் பல கிலோமீட்டர் போய் வரும். உங்க கிளியின் நெஞ்சை விரலால் தடவிப் பாருங்க. நடு எலும்பு கத்தி முனை மாதிரி துருத்திட்டு இருந்தா, ரெண்டு பக்கமும் இருக்க வேண்டிய தசை கரைஞ்சிருக்குன்னு அர்த்தம்.

அடுத்தது படிப்பு. பொந்தை விட்டு வெளியே வந்த குஞ்சு சில வாரம் தாய் தகப்பன் பின்னாடியே சுத்தும். எந்த மரம் எப்போ பழுக்கும், சோளம் எங்கே பால் பிடிச்சிருக்கு, வல்லூறு வந்தா யார் எப்படிக் கத்துவாங்க, அப்போ எந்தப் பக்கம் சரியணும், இதெல்லாம் அந்த வாரங்கள்ல வர்ற பாடம். இந்தக் கிளி அந்த வயசுல கத்துக்கிட்டது "யாரது".

கடைசியா நோய். அலகு-இறகு நோய்னு ஒரு வைரஸ் கிளிகளுக்கு உண்டு, பி.பி.எஃப்.டி.ன்னு சொல்வாங்க. மருந்து கிடையாது, இறகுத் தூசியிலும் எச்சத்திலும் பரவும். சந்தையில் பல இடத்துக் கிளிகளோட நெருக்கி அடைச்சு வந்த பறவைக்கு இது இருக்க வாய்ப்புண்டு. இறகு உதிர்ற கிளியைச் சோதிக்காம வெளியே விட்டா, ஊர் ஆலமரத்தில் அடையிற மொத்தக் கூட்டத்துக்கும் நாமே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி ஆகும். புண்ணியக் கணக்குல இதையும் சேர்த்துக்கணும் இல்லையா.

கோப்புக்கட்டு:

சட்டக் கேள்விக்கு நேரடிப் பதில்: ஆம், குற்றம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 9 வேட்டையைத் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டுமல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பதும் அதற்குள் வரும். அப்படிப் பிடித்த உயிரினம் அரசின் சொத்து என்கிறது பிரிவு 39. முன்பு நான்காம் அட்டவணையில் இருந்த பச்சைக்கிளி, 2022 திருத்தத்துக்குப் பின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரல் 1. தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தோளில் சிவப்புத் திட்டுள்ள பெரிய கிளி, ஆணின் தலை ஊதாச் சிவப்பாக இருக்கும் சிறிய கிளி எல்லாமே பாதுகாக்கப்பட்டவைதான். நம் நாட்டுப் பறவைகளின் வியாபாரம் 1990-91இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. ஆகவே தெருவில் விற்பவரிடம் எந்தக் காலத்திலும் ரசீது இருந்திருக்க முடியாது.

"எல்லாரும் வளர்க்கிறார்களே, யாரைப் பிடித்தார்கள்" என்பார்கள். 2024 தேர்தல் நேரத்தில் கடலூர்ப் பக்கம் வேட்பாளருக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்த கிளி ஜோசியரை வனத்துறை பிடித்துச் சென்றது பெரிய செய்தியானது நினைவிருக்கலாம்.

ஒப்படைக்கும் வழி: உங்கள் பகுதி வனச்சரக அலுவலகம் அல்லது மாவட்ட வன அலுவலகம். கிளியைத் தூக்கிக்கொண்டு நேரே போகாமல் முதலில் போன் செய்து எந்த நாள், எந்த நேரம் என்று கேளுங்கள். ஒரு பக்கக் கடிதம், இரண்டு பிரதி: பெயர், முகவரி, பறவையின் இனம், எண்ணிக்கை, எத்தனை வருடமாக இருக்கிறது, எப்படி வந்தது, தாமாக முன்வந்து ஒப்படைக்கிறோம் என்ற வரி. ஒரு பிரதியில் கையெழுத்தும் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். தானாக வந்து கொடுப்பவர் மீது நடவடிக்கை கூடாது என்று சட்டத்தில் தனி வரி கிடையாது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கிளிகளை ஒப்படைக்கும்படி வனத்துறையே பொதுமக்களுக்கு அறிவிப்புக் கொடுத்து வாங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் புகாரில் சிக்குவதற்கும் கடிதத்தோடு போவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

பட்ஜி, காக்கட்டீல் போன்ற வெளிநாட்டு வளர்ப்பு இனங்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆப்பிரிக்கன் கிரே மாதிரி சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவற்றுக்கு 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு கட்டாயம்.

பொன்னுசாமி_கரூர்:

ஏனுங்க, ஒண்ணு கேக்கறனுங்க, கோவிச்சுக்காதீங்க. ஆறு வருசம் பெத்த புள்ள மாதிரி பாத்த கிளி. அதைக் கொண்டுபோயி ஆபீஸ்ல குடுத்தா அவங்களும் கூண்டுலதான போடப்போறாங்க? அந்தம்மா கையால திங்கறத அங்க எவன் ஊட்டுவான்? எங்கூர்ல ஒருத்தரு குடுத்தாரு, அது நாலே நாள்ல செத்துப்போச்சுன்னு கேள்வி. பேசாம பெரிய கூண்டா வாங்கிப் போட்டு நல்லா வெச்சுக்கிட்டா போவுது. சட்டம் பேசற நாம கோயில் யானையக் கும்பிடறோமுங்களே!

கரிச்சான்:

பொன்னுசாமி அண்ணா, கோவம் எதுக்கு, கேள்வி நியாயமானதுதான். பாதிக்கு ஒத்துக்கறேன். ஒப்படைச்ச எல்லாக் கிளியும் காட்டுக்குப் போகாது. மனுசன் கையிலேயே வளர்ந்தது பல சமயம் கடைசி வரைக்கும் வலைக்கூடத்திலேயே இருந்துடும். இருக்கிற இடங்களும் எல்லாம் ஒரே தரம் இல்லை. அதனால கொடுக்கும்போதே "இதை எங்கே அனுப்புவீங்க, மத்த பச்சைக்கிளிகளோட விடுவீங்களா"ன்னு கேக்கணும். சட்டுனு இடமும் சாப்பாடும் மாறினா சூரியகாந்தி விதை தவிர எதையும் தெரியாத கிளி பட்டினி கிடந்து சாகும், அதுவும் உண்மை. நீங்க கேள்விப்பட்ட சாவு அப்படிப்பட்டதா இருக்கலாம். ஒப்படைக்கறதுக்கு முன்னாடி தயார் பண்ணணும், அதை மேகலாவுக்குக் கீழே யாராவது விவரமா சொல்லுவாங்க.

ஆனா "நல்லா வெச்சுக்கிட்டா போவுது"ங்கறதுல ரெண்டு இடத்துல உடன்பட முடியலை.

முதலாவது, அது பேசறதை நாம பாசம்னு எடுத்துக்கறோம். கிளி கூட்டமா வாழற சாதி. கூட்டத்துல இருக்கறவங்க குரலைத் திருப்பிச் சொல்றது "நான் இங்கே இருக்கேன், நீ எங்கே"ங்கற மாதிரி. தன் இனம் ஒண்ணுகூட இல்லாத வீட்டுல அது காதுல விழற குரலைப் பிடிச்சுக்குது. "அக்கா"ன்னு கூப்பிடறது அக்காவையே ஜோடியா, கூட்டமா நினைச்சுத்தான். அந்த அக்கா காலைல எட்டு மணிக்குக் கதவைப் பூட்டிட்டு வேலைக்குப் போயிட்டா, மீதி பத்து மணி நேரம் கிளிக்கு என்ன? மேகலா சொன்ன நெஞ்சு இறகு அதுக்கு ஒரு பதிலா இருக்கலாம். பெரிய கூண்டு வாங்கினா இறக்கைக்கு இடம் கிடைக்கும், துணை கிடைக்காது. துணைக்கு இன்னொண்ணு வாங்கினா மறுபடி அதே தெரு வியாபாரிதான்.

ரெண்டாவது அந்த வியாபாரி குஞ்சை எங்கிருந்து எடுத்தார்ங்கறது. பச்சைக்கிளி பெரும்பாலும் மரங்கொத்தியோ குக்குறுவானோ விட்டுட்டுப் போன பொந்தை அகலப்படுத்தித்தான் முட்டை வைக்கும். மொட்டைப் பனை, பட்ட தென்னை, பழைய அரசமரம் இதுலதான் அந்த மாதிரிப் பொந்து. நம்ம பக்கம் டிசம்பர், ஜனவரிக்கு மேலே ஏப்ரல் வரைக்கும் சீசன். மூணுலேர்ந்து அஞ்சு முட்டை, அடைகாக்க மூணு வாரத்துக்கு மேல, அப்புறம் ஆறேழு வாரம் குஞ்சு உள்ளேயே. பிடிக்கிறவர் கை நுழையாதுன்னு வாயை அரிவாளால் கொத்தி அகலமாக்குவார், இல்லன்னா மரத்தையே சாய்ப்பார். கொத்தின பொந்துல மழைத்தண்ணி இறங்கும், காக்காயும் உடும்பும் சுலபமா தலையை விடும். அடுத்த வருஷம் எந்த ஜோடியும் அதை எடுக்காது. ஆந்தையும் மைனாவும் பனங்காடையும்கூட இதே பொந்துகளுக்குத்தான் போட்டி போடுது. ஒரு குஞ்சு விலை கொடுத்து வாங்கும்போது ஒரு பொந்தும் சேர்ந்து போகுது, அது விலைச்சீட்டுல எழுதியிருக்காது.

கோயில் யானை பத்தி நீங்க சொன்னது சரியான குத்து. தனியா, சிமெண்ட் தரையில், சங்கிலியில் நிக்கிற யானையும் இதே கேள்விதான், அளவு மட்டும்தான் வேற. 2024 நவம்பர்ல திருச்செந்தூர்க் கோயில் யானை பாகனையும் அவர் உறவினரையும் கொன்னது. பழகின மிருகம்னா ஆபத்து இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. அதுக்குத் தனி இழை ஆரம்பிங்க, பேசலாம். மதுரை மீனாட்சி கோயில்ல கிளிக்கூண்டு மண்டபம்னு பேர் இருக்கு, கிளிகளை எப்பவோ எடுத்தாச்சு. கும்பிடு குறைஞ்சுடலையே.

கம்பு_திணை:

மேகலா, உடம்பு விஷயத்தை நான் சொல்கிறேன். குழந்தையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

கிளிகளிடமிருந்து மனிதருக்கு வரும் முக்கியமான நோய் சிட்டகோசிஸ், கிளிக் காய்ச்சல் என்றும் சொல்வார்கள். கிருமி எச்சத்திலும் மூக்குச் சளியிலும் வெளிவரும். காய்ந்த எச்சம் தூசியாகி மூச்சில் போனால் தொற்றும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல், கடும் தலைவலி, வறட்டு இருமல் வரும், சிலருக்கு நிமோனியா வரைக்கும் போகும். கிளி பார்க்க நன்றாகவே இருந்தும் கிருமியை வெளியேற்றும், அதுதான் வம்பு. வீட்டில் யாருக்காவது இப்படி இருமல் வந்தால் மருத்துவரிடம் முதல் வார்த்தையாக "வீட்டில் கிளி இருக்கிறது" என்று சொல்லுங்கள். சாதாரணமாகக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் இதற்கு வேலை செய்யாது, வேறு வகை மருந்து வேண்டும். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டவே கூடாது. தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, நாளிதழோடு சேர்த்துச் சுருட்டி எடுங்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கூண்டு இருக்கும் அறையில் குழந்தைக்கு விளையாட்டு வேண்டாம். விரலை உள்ளே விட்டால் கடியும் கிடைக்கும். மிளகாயை நறுக்கும் அலகு அது.

கூண்டைச் சமையலறையிலிருந்து இன்றே எடுங்கள். நான்ஸ்டிக் தவா அடுப்பில் மறந்து காய்ந்துபோனால் கிளம்பும் புகையை நாம் உணர்வதற்குள் கிளி செத்துவிடும். தாளிப்புப் புகை, ஊதுவத்தி, கொசுவத்தியும் ஆகாது.

இறகு பிடுங்கலுக்கு ஒரு சோதனை. தலை இறகு முழுசாக இருந்து, நெஞ்சு மட்டும் மொட்டை என்றால் தானே பிடுங்குகிறது. தன் தலையைத் தன் அலகால் எட்ட முடியாது அல்லவா. தலையிலும் உதிர்கிறது, அல்லது விழுந்த இறகின் அடி நசுங்கியும் சுருண்டும், தண்டுக்குள் உறைந்த ரத்தத்தோடும் இருக்கிறது என்றால் கரிச்சான் சொன்ன வைரஸைச் சந்தேகிக்க வேண்டும். விழுந்த இறகு நாலைந்தை ஒரு கவரில் போட்டு வையுங்கள். தானே பிடுங்குவது என்றாலும் "மனக்கஷ்டம்" என்று முடித்துவிடாதீர்கள்: ஈரல் கோளாறு, தோல் தொற்று, துத்தநாக விஷம் எல்லாமே இதைச் செய்யும். கூண்டு புதிதாகத் துத்தநாக முலாம் பூசியதாக, கம்பியைக் கிளி கடிப்பதாக இருந்தால், தண்ணீர் அதிகம் குடிக்கிறதா, வாந்தி, சோர்வு உண்டா என்று கவனியுங்கள். திருச்சியிலிருந்து போக நாமக்கல், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மொட்டையான இடத்தில் தேங்காயெண்ணெய், மஞ்சள் தடவ வேண்டாம். எண்ணெய் பட்ட இறகு ஒட்டிக்கொண்டு சூடு காக்காது. கிளி அதை நக்கிச் சுத்தம் செய்யப்போய் இன்னும் பிடுங்கும்.

இப்போது சாப்பாடு. சூரியகாந்தி விதையில் பாதிக்குப் பாதி கொழுப்பு. வைட்டமின் ஏ-யும் கால்சியமும் சொற்பம். வருடக்கணக்கில் இதுவே என்றால் ஈரலில் கொழுப்பு சேரும், வாய்க்குள் வெள்ளைத் திட்டு, ஓயாத தும்மல், கால் அடியில் புண் என்று ஒவ்வொன்றாக வரும். டீயும் பிஸ்கட்டும் உடனே நிறுத்தலாம், அதற்குப் பழக்கக் காலம் தேவையில்லை. மிளகாய் பரவாயில்லை, பறவைக்குக் காரம் உறைக்காது. பச்சையைவிடச் சிவந்த பழமிளகாய் சத்து.

விதையைச் சட்டென்று நிறுத்தினால்தான் ஆபத்து. 4 வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு வாங்கி, தினமும் காலையில் தீனிக்கு முன் எடை போட்டு எழுதுங்கள். பச்சைக்கிளி 100 முதல் 140 கிராம் வரை இருக்கும். உங்கள் கிளியின் முதல் நாள் எடை 120 என்றால், 114க்கு இறங்கினால் மாற்றத்தை நிறுத்தி ஒரு படி பின்னே போங்கள். 108 என்றால் மருத்துவர். மொத்தத் தீனி உலர்ந்த கணக்கில் நாளைக்கு 12 முதல் 15 கிராம். முதல் வாரம் பழைய தீனியில் கால்பங்கு எடுத்துவிட்டுக் கம்பு, திணை, சாமை. இரண்டாம் வாரம் பாதிக்குப் பாதி. காலையில் பசியோடு இருக்கும்போது முதலில் முளைகட்டிய பச்சைப்பயறு, முருங்கைக்கீரை, துருவிய கேரட், பூசணி, பப்பாளி வையுங்கள், ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் விதை. தொடவில்லையா? நீங்கள் அதன் எதிரில் உட்கார்ந்து அதையே சாப்பிட்டுக் காட்டுங்கள்; கூட்டம் தின்பதைத்தான் கிளி தின்னும். கடைசி வாரத்தில் சூரியகாந்தி 10 விதை, அதுவும் கையால் கொடுக்கும் பரிசாக மட்டும். அவகாடோ, சாக்லேட், உப்புப் பண்டம் கூடாது. ஈரத் தீனியை வெயில் காலத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் உள்ளே விடாதீர்கள், புளித்துவிடும்.

உருண்டைக் கூண்டுக்குப் பதில், கொடுக்கும் நாள் வரைக்கும் 3 அடி நீளம், 2 அடி அகலம், 3 அடி உயரத்தில் ஒரு செவ்வகக் கூண்டு யாரிடமாவது இரவல் வாங்க முடிந்தால் நல்லது. உள்ளே பிளாஸ்டிக் குழாய் வேண்டாம். வேம்பு, கொய்யாக் கிளை, ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் வரை வெவ்வேறு தடிமனில், பட்டையோடு. எல்லாப் பக்கமும் ஒரே தடிமன் என்றால் பாதத்தில் ஒரே இடம் அழுந்திப் புண்ணாகும். வாரம் நாலு நாள் காலையில் வெறும் தண்ணீர் தெளிப்பு, கூண்டில் ஒரு மூலை நிழல் இருக்கும்படி அரைமணி இளவெயில், ராத்திரி 11, 12 மணி நேரம் இருட்டு. டீவி ஓடும் ஹாலில் அது தூங்குவதாக நினைக்கிறோம், தூங்குவதில்லை.

சுள்ளி:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். காத்து மழைல தென்னை முறிஞ்சு விழுந்திருக்கு, பொந்துல ரெண்டு கிளிக்குஞ்சு. ரோமம் இப்பத்தான் பச்சையா முளைக்குது. பால் குடுக்கலாமா?

கரிச்சான்:

சுள்ளி, பால் வேண்டாம், பறவைக்குப் பால் செரிக்காது. வாயில் தண்ணி ஊத்தவும் வேண்டாம், மூச்சுக்குழலில் போயிடும். முதல்ல சூடு: அட்டைப்பெட்டியில் பழைய துணி, வெந்நீர் நிரப்பின பாட்டிலைத் துணியில் சுத்திப் பெட்டிக்குள்ள ஒரு ஓரமா. உடம்பு சூடானப்புறம்தான் மத்ததெல்லாம். சில்லுனு இருக்கிற குஞ்சுக்கு ஊட்டினா உள்ளே போனது செரிக்காம புளிச்சுடும்.

அடிபடலைன்னா இன்னிக்கே தாய்கிட்ட சேர்க்கலாம். மனுச வாசம் பட்டா தாய் ஒதுக்கிடும்ங்கறது சும்மா. பொந்து இருக்கிற தண்டுத் துண்டையே ரெண்டு முனையும் அடைச்சு, பக்கத்து மரத்துல பழைய உயரத்துக்குக் கிட்ட நேரா நிக்கிற மாதிரி கயித்தால இறுக்கிக் கட்டுங்க. துண்டு உடைஞ்சிருந்தா ஓர் அடி ஆழமுள்ள மரப்பெட்டி, அடியில் தண்ணி வடிய நாலு துளை, மேல்பக்கமா 6 சென்டிமீட்டர் வாய், உள்ளே அதே பொந்துத் தூள். தூரமா மறைஞ்சு மூணு நாலு மணி நேரம் பாருங்க. தாய் தகப்பன் சத்தம் போட்டுக்கிட்டு அங்கேயேதான் சுத்தும். சாயங்காலம் வரைக்கும் வரவேயில்லைன்னா வனத்துறைக்குப் போன் பண்ணுங்க. "ரெண்டு நாள் வெச்சுப் பாக்கலாம்"னு ஆரம்பிக்க வேண்டாம், அத்தை வீட்டுக் கூண்டுக்குப் பாதை அங்கேதான் தொடங்குது.

மேகலா_திருச்சி:

எல்லாருக்கும் நன்றி. தலை இறகு முழுசாக இருக்கிறது, நெஞ்சில் மட்டும்தான். கூண்டைச் சமையலறையிலிருந்து எடுத்தாயிற்று. எடை 131 கிராம். ஒரு மாதம் தீனி மாற்றிவிட்டு ஒப்படைப்பதாக வீட்டில் பேசியிருக்கிறோம். அத்தைதான் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். கொண்டுபோகும்போது எப்படிப் பிடிப்பது? அங்கே என்ன நடந்தால் அது காட்டுக்குப் போக முடியும்?

கம்பு_திணை:

தலை முழுசாக இருப்பது நல்ல சேதி, இருந்தாலும் சோதனை செய்துவிடுங்கள். அத்தையிடமே தராசையும் நோட்டையும் கொடுங்கள் மேகலா. 6 வருடம் பார்த்தவர், ஒரு கிராம் குறைந்தாலும் முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். அந்த நோட்டை ஒரு பக்கத்தில் சுருக்கிக் கிளியோடு கொடுங்கள்: எடை, தின்பது எது, தொடாதது எது, மருத்துவர் சொன்னது, எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் வரும் என்பது. அங்கே பராமரிப்பவருக்கு முதல் வாரம் இதுதான் கை கொடுக்கும்.

பிடிப்பது: ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு. இருட்டில் கிளிக்குக் கண் தெரியாது, அலைபாயாது. கை துடைக்கும் துண்டால் பின்பக்கமாக மூடி, கட்டைவிரலும் நடுவிரலும் தாடையின் இரு பக்கம், ஆள்காட்டி விரல் உச்சந்தலையில். நெஞ்சை மட்டும் அழுத்தவே கூடாது. பறவைக்கு உதரவிதானம் இல்லை, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. பயத்தில் இறுக்கிப் பிடித்தே பலர் கொன்றிருக்கிறார்கள்.

பெட்டி சிறியதாக இருக்கட்டும், பூனை கொண்டுபோகும் பிளாஸ்டிக் பெட்டி போதும். தரையில் துண்டு, மேலே மெல்லிய துணி. தண்ணீர்க் கிண்ணம் வேண்டாம், கொட்டி நனைந்துவிடும். கொய்யாத் துண்டும் வெள்ளரிக்காயும் போடுங்கள். காலை 9 மணிக்குள் போய்ச் சேருங்கள், டூவீலர் வேண்டாம்.

கரிச்சான்:

அங்கே நடக்க வேண்டியதைச் சுருக்கமா சொல்றேன். முதல்ல 30லேர்ந்து 45 நாள் தனியா வெச்சு எச்சம், ரத்தம், இறகு சோதனை. அப்புறம் ஆறுலேர்ந்து பத்துப் பச்சைக்கிளி இருக்கிற வலைக்கூடம், நீளம் குறைஞ்சது 20, 30 அடி, அகலம் இல்லாட்டியும் நீளம் வேணும். கிண்ணத்துல நறுக்கி வைக்காம கொய்யாவைக் கிளையோட, சோளத்தைக் கதிரோட, வேப்பம்பழத்தைக் கொத்தோட கட்டித் தொங்கவிடணும். மனுசன் முகம் தெரியாம தீனி வைக்கணும், பேச்சுக் குடுக்கக் கூடாது. இறகு மாறி முடிஞ்சதும், முழு நீளத்தையும் வாய் திறந்து மூச்சு வாங்காம திரும்பத் திரும்பப் பறக்குதா, கழுகு நிழல் பட்டா மத்ததோட சேர்ந்து உறைஞ்சு நிக்குதா, ஆளைக் கண்டா விலகுதான்னு பாப்பாங்க. மூணும் சரின்னா மேல்பக்கக் கதவைத் திறந்து வெச்சு, உள்ளேயே தீனியும் தொடர்ந்து வெச்சு, வாரக்கணக்கில் போகவும் வரவும் விடணும். உங்க கிளி "வா வா"ன்னு ஆளைத் தேடிக்கிட்டே இருந்தா மூணாவது சோதனையில் நின்னுடும், கூடத்துலயே கூட்டத்தோட இருக்கும். அத்தைகிட்ட இதை முன்னாடியே சொல்லிடுங்க, "காட்டுல விட்டுடுவாங்க"ன்னு வாக்குக் குடுக்காதீங்க.

அத்தைக்குக் காலையில் கை சும்மா இருக்காதுன்னா மொட்டைமாடில ஒரு தட்டு வைக்கலாம். சென்னை ராயப்பேட்டையில் ஒருத்தர் மாடில ஊறவெச்ச அரிசி பரப்பியே ஆயிரக்கணக்கான கிளிகளை வரவழைச்சார். ஒரு பிடி போதும், தினம் தட்டைக் கழுவிக் காயவைக்கணும், மிஞ்சினதை அள்ளிடணும், இல்லன்னா எலியும் நோயும்தான் வரும். உங்க கிளியைக் கொடுத்து வீட்டைக் கழுவி ஒரு மாசம் கழிச்சு ஆரம்பிங்க.

அந்த உருண்டைக் கூண்டை ஆன்லைன்ல விலைக்குப் போட்டுடாதீங்க. நசுக்கிப் பழைய இரும்புக்குப் போடுங்க.